வல்லுநர் அமைப்பு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

கேள்வி: எக்ஸ்பர்ட் சிஸ்டம், அதாவது வல்லுநர் அமைப்பு என்றாலே பாடநூல்களில் டென்ட்ரல், மைசின் என்று அரை நூற்றாண்டுக்கு முந்திய பெயர்கள்தான் வருகின்றன. இவை உண்மையில் எந்தத் துறைகளில் வேலை செய்தன? இன்றும் செய்கின்றனவா? சிறிதாக ஒன்றைக் கட்டிப் பார்க்க எங்கே தொடங்குவது?

பதில்:

வல்லுநர் ஒருவரின் அறிவை விதிகளாக எழுதிவைத்து, அவற்றைக் கொண்டு முடிவு சொல்லும் மென்பொருள்தான் வல்லுநர் அமைப்பு. இவை இன்றும் வேலை செய்கின்றன. பெயர்தான் மாறிவிட்டது. வங்கியில் கடன் விண்ணப்பத்தை விதிப்படி வடிகட்டும் ரூல் எஞ்சின் மென்பொருள், மருந்துச் சீட்டைக் கணினியில் பதியும்போது மருத்துவர் முன் வந்து நிற்கும் எச்சரிக்கை, கார் நிறுவன இணையதளத்தில் ஒரு மாடலைத் தேர்ந்ததும் அதற்குப் பொருந்தாத சக்கரங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவது, வருமான வரிக் கணக்கைப் பெங்களூரு செயலாக்க மையம் ஆள் கைபடாமல் முதல் கட்டமாகச் சரிபார்ப்பது, எல்லாம் ஒரே வம்சம். யாரும் அவற்றை வல்லுநர் அமைப்பு என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

துறைவாரியாகச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். இந்த அமைப்புகளில் தர்க்கம் பிசகியதால் வீழ்ந்தவை குறைவு. விவரம் உள்ளே வரும் வாசலில் வீழ்ந்தவையும், விதிகளைப் பராமரிக்க ஆள் இல்லாமல் வீழ்ந்தவையும்தான் அதிகம். கீழே வரும் எடுத்துக்காட்டுகளை இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

உள்ளே இருப்பது மூன்று பாகங்கள். 'இது இப்படி எனில் அது அப்படி' என்ற விதிகள் அடங்கிய அறிவுத்தளம் ஒன்று. இப்போது கையில் உள்ள நோயாளி, இயந்திரம் அல்லது வயல் பற்றிய நடப்பு விவரங்கள் இன்னொன்று. இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவுக்கு நகரும் ஊகப்பொறி மூன்றாவது. விவரங்களிலிருந்து முடிவை நோக்கிப் போனால் முன்னோக்கு ஊகம். ஒரு முடிவைச் சந்தேகமாக வைத்துக்கொண்டு, அதை நிரூபிக்க என்ன தெரியவேண்டும் என்று பின்னால் நடந்து கேள்வி கேட்டால் பின்னோக்கு ஊகம். கருவியிலிருந்து எண்கள் தானாக வந்து விழும் இடத்துக்கு முன்னோக்கு பொருந்தும். மனிதரிடம் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டிய இடத்துக்குப் பின்னோக்குதான் நல்லது. தேவையில்லாத கேள்விகள் குறையும். இரண்டிலுமே 'ஏன் இந்த முடிவு?' என்றால் எந்தெந்த விதிகள் வழியாக வந்தது என்று காட்ட முடியவேண்டும். அது இல்லாவிட்டால் பயன்படுத்துபவர் நம்பமாட்டார், கட்டியவராலும் பிழை திருத்த முடியாது.

மருத்துவத்தில்

மைசின் 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கியது. இரத்தத் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமான கிருமியை ஊகித்து, மருந்தும் அளவும் சொல்லும். அதன் விதி ஒன்று இப்படி இருக்கும்: கிராம் சாயம் என்ற கிருமிச் சாயச் சோதனையில் பாசிட்டிவ், வடிவம் கோளம், சங்கிலியாக வளர்கிறது எனில், கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பதற்கு 0.7 வலு. இந்த வலு −1 (உறுதியாக இல்லை) முதல் +1 (உறுதியாக ஆம்) வரை போகும். இரண்டு விதிகள் ஒரே முடிவை ஆதரித்தால் முதல் வலுவோடு, மீதமுள்ள இடைவெளியில் இரண்டாவதன் பங்கைக் கூட்டுவார்கள். 0.7-உம் 0.4-உம் சேர்ந்தால் 0.7 + 0.3 × 0.4, அதாவது 0.82. எத்தனை விதிகள் சேர்ந்தாலும் 1-ஐத் தாண்டாது.

இந்தக் கணக்கில் ஒரு குழி இருக்கிறது. சான்றுகள் ஒன்றையொன்று சாராதவை என்று இது எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல், குளிர் நடுக்கம், வியர்வை மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். ஆளுக்கு 0.5 கொடுத்தால் 0.5, 0.75, 0.875 என்று ஏறிவிடும். உண்மையில் கிடைத்த சான்று ஒன்றுதான். இன்றும் புதிதாகக் கட்டுபவர்கள் தவறாமல் விழும் இடம் இது. ஒரே மூலத்திலிருந்து வரும் அறிகுறிகளை முதலில் 'காய்ச்சல் தொகுதி' போன்ற ஓர் இடைநிலை முடிவாகச் சுருக்கி, அதற்கு மட்டும் ஒரே ஒரு வலுவைத் தரவேண்டும்.

1979-இல் வெளியான மதிப்பீட்டில், பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரத்தை வைத்து எட்டு வல்லுநர்கள் மதிப்பெண் போட்டார்கள். எது யார் எழுதிய மருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. மைசின் 65 விழுக்காடு ஏற்பு பெற்றது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் பெற்றது 42.5 முதல் 62.5 வரை. அப்படியிருந்தும் அது ஒரு வார்டில்கூட அன்றாடப் பயனுக்கு வரவில்லை. ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் தட்டச்சு செய்ய எந்த மருத்துவருக்கு நேரம் இருக்கும்? ஆய்வக முடிவுகள் அன்று கணினியில் இல்லை. மருந்து தவறினால் பொறுப்பு யாருடையது என்பதற்கும் விடை இல்லை.

அதே மைசினின் ஊகப்பொறியை மட்டும் கழற்றி எடுத்து, நுரையீரல் செயல்பாட்டுக்கான விதிகளை ஏற்றியது பஃப். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் அது அன்றாடம் ஓடியது. காரணம் எளிது. ஊதிப் பார்க்கும் கருவியின் அளவுகள் நேராக உள்ளே வந்தன, அமைப்பு அறிக்கையை வரைவாக எழுதியது, மருத்துவர் படித்துத் திருத்திக் கையெழுத்திட்டார். யாருடைய வேலை நேரமும் கூடவில்லை, குறைந்தது. மைசினைவிட மிகச் சிறிய அமைப்பு, ஆனால் பாடம் அதில்தான் இருக்கிறது.

இன்று மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது மருந்து எச்சரிக்கை விதிகள். இங்கே நோய் வேறு: எச்சரிக்கைச் சலிப்பு. 2006-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், மருத்துவர்கள் 49 முதல் 96 விழுக்காடு எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று கண்டார்கள். ஒன்றுக்கும் உதவாத நூறு எச்சரிக்கைகளைத் தட்டிவிட்ட விரல், உயிர்போகும் நூற்றோராவது எச்சரிக்கையையும் தட்டிவிடும். அதனால் வழியை மறிக்கும் விதிகளை மிகச் சிலவாக வைக்கவேண்டும். நல்ல எடுத்துக்காட்டு மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு முறை. தினமும் என்று பதிந்தால் எலும்பு மச்சை கெட்டு உயிருக்கே ஆபத்து. 'வாய்வழி மெத்தோட்ரெக்ஸேட், தினசரி, புற்றுநோய்ப் பதிவு இல்லை எனில் நிறுத்து' என்ற ஒரு விதி, பொதுவான ஆயிரம் எச்சரிக்கைகளைவிட மதிப்புள்ளது. மற்றவை திரையின் ஓரத்தில் குறிப்பாக வந்தால் போதும்.

தொழிற்சாலையில்

பணத்தை மிச்சப்படுத்திக் காட்டிய முதல் பெரிய அமைப்பு எக்ஸ்கான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மட், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்காக 1978-இல் தொடங்கினார். 1980-இல் வேலைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் வாக்ஸ் கணினிக்கு ஆர்டர் வரும்போது எந்தப் பெட்டியில் எந்தச் சர்க்யூட் அட்டை, எத்தனை அடி கேபிள், மின்சாரம் போதுமா என்று முழு அமைவையும் வரைந்து தரும். அதற்கு முன் ஒரு கேபிள் விட்டுப்போனாலும் இயந்திரம் வாடிக்கையாளர் வாசலில் முடங்கிக் கிடக்கும்.

எக்ஸ்கானின் வெற்றியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதன் பராமரிப்புச் சுமையைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும். 1987-இல் அதில் சுமார் 6,200 விதிகள். ஆண்டுதோறும் அவற்றில் ஏறத்தாழப் பாதி மாறியது. புதிய வட்டு இயக்கி வந்தால் விதி மாறும், பழைய அட்டை நின்றால் விதி மாறும். ஒரு விதியைத் தொட்டால் எங்கோ இன்னொன்று பிசகும். கடைசியில் விதிகளை எப்படி எழுதவேண்டும் என்பதற்கே ஒரு முறையை வகுத்து முழுவதையும் திருத்தி எழுதவேண்டி வந்தது. உங்கள் துறையில் அறிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு பத்தில் ஒரு பங்கு மாறினால் பகுதிநேர ஆள் ஒருவர் போதும். பாதி மாறினால் ஒரு குழுவே வேண்டும்; அந்தச் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஓய்வுபெறப்போகும் ஒருவரின் அறிவைப் பிடித்துவைக்க எழுந்தவை தனி வகை. கேம்பெல் சூப் நிறுவனத்தில் டின்களைக் கிருமிநீக்கும் பிரம்மாண்டமான குக்கர்களை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவந்த ஒரு பொறியாளரின் அனுபவம், 1980களின் நடுவில் 150-ஐ ஒட்டிய விதிகளாக இறங்கியது. ஜெனரல் எலக்ட்ரிக் டீசல் ரயில் எஞ்சின் பழுதுக்கு இதேபோல் ஒன்றைச் செய்தது. டென்மார்க்கில் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம், சிமென்ட் சூளையை இயக்குபவர் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதைத் 'கொஞ்சம் சூடு', 'நிறையச் சூடு' போன்ற அளவுகளைக் கையாளும் தெளிவிலா தர்க்க (ஃபஸி லாஜிக்) விதிகளாக்கிச் சூளையையே ஓட்டியது. மூன்றிலும் பொதுவானது ஒன்று: எல்லை குறுகல், இயந்திரம் ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்

ஒரு வல்லுநர் அமைப்பை முழுதாகப் புரிந்துகொள்ள ஏற்ற துறை எதுவென்றால், பெரிய மின்மாற்றிகளின் எண்ணெய் வாயுப் பகுப்பாய்வு என்பேன். விதிகள் சில, அளவுகள் எண்கள், தவறு செய்தால் விலை கோடிக்கணக்கில்.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் எங்காவது சூடேறினாலோ பொறி பறந்தாலோ, எண்ணெய் மூலக்கூறு உடைந்து வாயுக்களாகி எண்ணெயிலேயே கரையும். குறைந்த ஆற்றலில் ஹைட்ரஜன், மீத்தேன், ஈத்தேன் வரும். சூடு ஏற ஏற எத்திலீன் கூடும். அசிட்டிலீன் கணிசமாக வந்தால் பொறி பறக்கிறது என்று பொருள். சுற்றில் உள்ள காகிதம் கருகினால் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டையாக்சைடும் வரும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60599 தரநிலை மூன்று விகிதங்களைப் பார்க்கச் சொல்கிறது: அசிட்டிலீன்/எத்திலீன், மீத்தேன்/ஹைட்ரஜன், எத்திலீன்/ஈத்தேன்.

விதிகளை இப்படி எழுதலாம். மீத்தேன்/ஹைட்ரஜன் 0.1-க்குக் கீழ், எத்திலீன்/ஈத்தேன் 0.2-க்குக் கீழ் எனில் பகுதி மின்னிறக்கம், அதாவது மின்காப்பின் ஒரு பகுதியில் மட்டும் நிகழும் சிறு மின்கசிவு. அசிட்டிலீன்/எத்திலீன் 1-க்கு மேல், மீத்தேன்/ஹைட்ரஜன் 0.1 முதல் 0.5, எத்திலீன்/ஈத்தேன் 1-க்கு மேல் எனில் குறை ஆற்றல் மின்னிறக்கம். முறையே 0.6–2.5, 0.1–1, 2-க்கு மேல் எனில் உயர் ஆற்றல் மின்னிறக்கம். மீத்தேன்/ஹைட்ரஜன் 1-க்கு மேல் போனால் வெப்பப் பழுதின் பக்கம்: எத்திலீன்/ஈத்தேன் 1-க்குக் கீழ் எனில் 300 டிகிரிக்குக் கீழ், 1 முதல் 4 எனில் 300–700 டிகிரி, 4-க்கு மேல் எனில் 700 டிகிரிக்கு மேல். பின்னிரண்டுக்கும் அசிட்டிலீன்/எத்திலீன் விகிதம் மிகச் சிறிதாக இருக்கவேண்டும், முறையே 0.1-க்கும் 0.2-க்கும் கீழ்.

ஓர் எண்ணெய் மாதிரியில் ஹைட்ரஜன் 100, மீத்தேன் 180, ஈத்தேன் 60, எத்திலீன் 300, அசிட்டிலீன் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று வைத்துக்கொள்வோம். விகிதங்கள் 0.01, 1.8, 5. முடிவு: 700 டிகிரிக்கு மேல் சூடு. மின்மாற்றி ஆய்வாளர் மிஷேல் டுவாலின் முக்கோண முறையிலும் பார்க்கலாம்: மூன்று வாயுக்களின் பங்கு ஒரு முக்கோணத்துக்குள் எந்த இடத்தில் விழுகிறதோ அதுவே பழுதின் வகை. மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் கூட்டுத்தொகை 483. எத்திலீன் பங்கு 62 விழுக்காடு, அசிட்டிலீன் 1-க்கும் குறைவு. அதுவும் அதே மூலையில்தான் விழுகிறது. கார்பன் வாயுக்கள் கூடவில்லை எனில் காகிதம் தப்பித்திருக்கிறது. சூடு வெறும் உலோகத்தில், அதாவது தளர்ந்த போல்ட் இணைப்பிலோ, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் தொடுமுனையிலோ, இரும்புக் கோரில் சுற்றும் மின்னோட்டத்திலோ இருக்கலாம். எங்கே திறந்து பார்ப்பது என்பதுவரை சொல்லிவிட்டது.

இப்போது பிழைகள். முதலாவது, எல்லாவற்றிலும் பெரியது: டுவால் முக்கோணத்தில் 'பழுதில்லை' என்ற இடமே கிடையாது. ஆரோக்கியமான டிரான்ஸ்ஃபார்மரின் எண்களைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பழுதைச் சொல்லும். ஆகவே 'பழுது இருக்கிறதா?' என்ற வாசல் விதி முதலில் ஓடவேண்டும்: அளவு அந்த ரக இயந்திரத்துக்கு வழக்கமான வரம்பைத் தாண்டியதா, அல்லது முந்தைய மாதிரியைவிட வேகமாக ஏறுகிறதா. இரண்டும் இல்லையெனில் விகிதங்களைக் கணக்கிடவே கூடாது. ஆய்வகத்தின் கண்டறி வரம்பை ஒட்டிய 1, 2 பிபிஎம் அளவுகளை ஒன்றால் ஒன்று வகுத்தால் வருவது வெறும் இரைச்சல்.

இரண்டாவது, மின்சாரம் ஓடும்போதே டேப்பை மாற்றும் கருவியான ஆன்லோடு டேப் சேஞ்சரின் அறையிலிருந்து எண்ணெயோ வாயுவோ பிரதான தொட்டிக்குக் கசிவது. டேப் மாறும்போது பொறி பறப்பது அங்கே இயல்பு, அதனால் அசிட்டிலீன் நிறைய இருக்கும். அது இங்கே கலந்தால் அமைப்பு 'பொறி பறக்கிறது' என்று கூவும். அசிட்டிலீன்/ஹைட்ரஜன் விகிதம் 2 அல்லது 3-ஐத் தாண்டினால் முதலில் கசிவைச் சந்தேகி என்று ஒரு விதி வேண்டும்.

மூன்றாவது, மாதிரி எடுத்த விதம். வால்வில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றாமல் எடுத்தாலோ, கண்ணாடி சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தாலோ, நாள் கடந்து ஆய்வகம் போனாலோ, ஹைட்ரஜன்தான் முதலில் தப்பும். ஹைட்ரஜன் குறைந்தால் மீத்தேன்/ஹைட்ரஜன் விகிதம் ஏறி, மின்னிறக்கம் வெப்பப் பழுதாக வேடமிடும். அமைப்பின் தர்க்கம் துளியும் பிசகவில்லை. விடை மட்டும் தவறு. அதனால் மாதிரி எடுத்த தேதி, சோதித்த தேதி, எடுத்த வால்வு மூன்றையும் கட்டாய விவரமாக்கி, இடைவெளி நீண்டால் 'மறு மாதிரி எடு' என்று மட்டும் சொல்லும்படி வைக்கவேண்டும். பழுதின் பெயரைச் சொல்லாமல் இருக்கத் தெரிவதும் வல்லுநரின் வேலைதான்.

வயலில்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் நெல், வாழை, தென்னை, கரும்பு, கேழ்வரகு போன்றவற்றுக்கு வல்லுநர் அமைப்புகள் தமிழிலேயே உள்ளன. இந்தத் துறையின் சிக்கல், விவரம் தருவது கருவி அல்ல, விவசாயியின் வாய்ச்சொல். 'பயிர் மஞ்சளிக்குது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஏழெட்டுக் காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

நெல்லை எடுத்துக்கொள்வோம். கேள்விகளின் வரிசைதான் இங்கே உயிர். மஞ்சள் வயல் முழுக்கவா, திட்டுத் திட்டாகவா? திட்டாக, வட்டமாகத் தீய்ந்ததுபோல் இருந்தால், தூரைப் பிரித்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லவேண்டும், இருந்தால் புகையான் பூச்சி. வயல் பரவலாக எனில், முதிர்ந்த கீழ் இலையில் தொடங்கியதா, இளம் இலையிலா? கீழ் இலைகள் நுனியிலிருந்து சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீழ் இலைகளில் துருப்பிடித்ததுபோல் புள்ளிகள் வந்து, பயிர் கட்டைபிடித்து நின்றால் துத்தநாகக் குறைவு. நுனியிலிருந்து விளிம்பு வழியே அலை அலையாக இறங்கி வைக்கோல் நிறமானால் பாக்டீரியா இலைக்கருகல். ஆரஞ்சு மஞ்சளாகி, பயிர் குட்டையாகி, பச்சைத் தத்துப்பூச்சியும் இருந்தால் துங்ரோ என்ற வைரஸ் நோய்.

இந்த இடத்தில் தவறிய முடிவு வெறும் வீண்செலவோடு நிற்காது. இலைக்கருகலைத் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போட்டால் நோய் இன்னும் கொழுக்கும். குலை நோய்க்கும் அப்படியே. ஆகவே 'யூரியா இடு' என்ற பரிந்துரையை அடையும் எந்தப் பாதையும், நோயில்லை என்று உறுதிசெய்யும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தக் கேள்வி ஒரு சோதனையாகவே இருக்கலாம்: பாதிக்கப்பட்ட இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வையுங்கள், சில நிமிடங்களில் பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா. அதேபோல் இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்தால் இழுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். எளிதில் கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் தண்டுத் துளைப்பான். வராமல், தண்டில் துளையும் இல்லாமல், பிழிந்தால் மஞ்சள் கசிவு வந்தால் இலைக்கருகலின் வாடல் நிலை. அறிகுறியைப் பெயரால் கேட்பதைவிட, கையால் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்டால் விடையின் தரம் பல மடங்கு கூடும்.

வேளாண்மையிலிருந்து இன்னொரு பாடம், சோயா மொச்சையில் கிடைத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மிகால்ஸ்கி குழு 1980-இல் வெளியிட்ட ஆய்வு. பதினைந்து நோய்களுக்கு வல்லுநரிடம் கேட்டு எழுதிய விதிகள், 340 சோதனைச் செடிகளில் 71.8 விழுக்காடு சரியாகச் சொன்னன. வல்லுநர் நோய் குறித்துக் கொடுத்த செடிகளின் விவரங்களிலிருந்து கணினி தானே வகுத்த விதிகள் 97.6 விழுக்காடு. வல்லுநர் செய்வதும், செய்வதாகச் சொல்வதும் வேறு வேறு. இதை மனத்தில் வைத்துத்தான் விதி சேகரிக்கப் போகவேண்டும்.

கட்டுவதாக இருந்தால்

பிரச்சினையைத் தேர்வதற்கு ஒரு பழைய அளவுகோல் இன்றும் உண்மை: வல்லுநர் தொலைபேசியிலேயே தீர்த்துவைக்கக் கூடியதாக இருக்கவேண்டும். நேரில் வந்து முகர்ந்து, தொட்டுப் பார்த்தால்தான் முடியும் என்றால் விடுங்கள். வல்லுநருக்கே அரை மணிக்கு மேல் யோசிக்கவேண்டியதென்றாலும் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

பிறகு முடிவு தெரிந்த பழைய நேர்வுகள் (கேஸ்கள்) ஐம்பதைச் சேருங்கள். முப்பதை விதி எழுத வையுங்கள். இருபதை உறையிலிட்டு மூடிவிடுங்கள், வல்லுநருக்கும் காட்டவேண்டாம். 'நீங்கள் என்ன விதியைப் பின்பற்றுகிறீர்கள்?' என்று கேட்டால் பாடநூல்தான் பதிலாக வரும். ஒரு நேர்வை மேசையில் வைத்து 'முதலில் எதைப் பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். முடிவு வந்ததும் 'எது மாறியிருந்தால் இந்த முடிவை மாற்றியிருப்பீர்கள்?' என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் விதிவிலக்குகள் கொட்டும். ஓர் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் இருவருமே சோர்ந்துவிடுவார்கள்.

கிடைத்ததைக் கணினியில் ஏற்றுமுன் முடிவு அட்டவணையாக எழுதிப் பாருங்கள். எட்டு 'ஆம்/இல்லை' நிபந்தனைகள் இருந்தால் 256 சேர்க்கைகள். எந்த விதியும் தொடாத சேர்க்கைகள் எவை, இரண்டு விதிகள் முரண்படுபவை எவை என்று அட்டவணை காட்டிவிடும். நடக்கவே முடியாதவற்றை வல்லுநர் அடித்துவிடுவார். மிஞ்சும் ஓட்டைகள்தான் பின்னால் உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போகிறவை.

எல்லா விவரத்துக்கும் மூன்று மதிப்பு வையுங்கள்: ஆம், இல்லை, தெரியாது. 'தெரியாது' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையின் மிகப் பொதுவான பிழை. பூச்சியைத் தேடிப் பார்க்காதவரும் 'பூச்சி இல்லை' பொத்தானைத்தான் அழுத்துவார், வேறு பொத்தான் இல்லையென்றால்.

விதிகளை எழுதி ஓட்டும் மென்பொருள் கருவி என்றால் கிளிப்ஸ் நல்ல தொடக்கம். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985-இல் பிறந்தது, இலவசம், முன்னோக்கு ஊகம். பின்னோக்கு வேண்டுமானால் புரோலாக் நிரல்மொழி. ஜாவாவில் வேலை செய்யும் நிறுவனம் என்றால் ட்ரூல்ஸ். கிளிப்ஸில் ஒரு விதிக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம். −10000 முதல் 10000 வரை. அதை ஒட்டுப்போடப் பயன்படுத்தாதீர்கள். 'வாசல் சோதனை, நோயறிதல், பரிந்துரை' என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து, நடப்பு எந்தக் கட்டம் என்பதையே ஒரு விவரமாக வைத்தால் போதும். இருபது வேறுவேறு முன்னுரிமை எண்கள் வந்துவிட்டால் அந்த அமைப்பை ஆறு மாதம் கழித்து எழுதியவராலேயே படிக்க முடியாது.

தமிழில் கட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. விதிக்குள் தமிழ்ச் சொற்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள். 'இலைமஞ்சள்' வேறு, 'இலை மஞ்சள்' வேறு. 'கொ' என்ற எழுத்தையே யூனிகோடில் ஒற்றை உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. உள்ளே நிலையான குறியீட்டு எண்களை வைத்து, திரையில் காட்டும் தமிழைத் தனி அட்டவணையில் வையுங்கள். வட்டார வழக்குகளையும் அங்கேயே ஒரே எண்ணோடு இணைத்துவிடலாம்.

விவசாயியின் பேச்சு நடையை இந்தக் குறியீடுகளாக மாற்ற சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள் நன்றாக உதவும். மாற்றியதை அவரிடமே படித்துக்காட்டி 'சரிதானே?' என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மருந்து என்ன, எவ்வளவு என்ற முடிவை மட்டும் விதிகளிடமே விடுங்கள். அங்கே ஏன் என்று கேட்டால் வரிசை எண்ணோடு பதில் வரவேண்டும்.

மூடி வைத்த இருபது நேர்வுகளை இப்போது ஓட்டுங்கள். எத்தனை சரி என்று பார்ப்பதோடு, தவறியவை எந்தப் பக்கம் தவறின என்று பாருங்கள். 'தெரியவில்லை, வல்லுநரைக் கேள்' என்று சொன்ன நான்கைவிட, உறுதியாகத் தவறாகச் சொன்ன ஒன்று மோசம். ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண், எழுதிய தேதி, சொன்னவர், எந்த நேர்வால் எழுந்தது என்ற நான்கையும் சேர்த்து வையுங்கள். பின்னால் யாராவது ஒரு விதியை மாற்றினால் பழைய ஐம்பது நேர்வுகளையும் மறுபடி ஓட்டி, எது புதிதாகத் தவறுகிறது என்று பார்த்த பிறகே வெளியிடவேண்டும். இதை யார் செய்வது என்று ஒருவர் பெயரை முதல் நாளே எழுதிவிடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், கட்டத் தொடங்காமல் அந்த முடிவு அட்டவணையை மட்டும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அதற்கே நல்ல பயன் உண்டு.